நேர்ச்சை என்று சொன்னவள்

அந்தக் காணொளியைப் பார்த்து முடித்ததும் நான் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். கோபமெல்லாம் பிறகு வந்தது. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் தெருக் குடும்பங்கள் வாராவாரம் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் வாட்ஸப் குழுவில் அது வந்து விழுந்தது. பின்னணியில் சோகமான வயலின். காவிச்சேலை கட்டிய ஒருத்தி ஒரு வீட்டு வாசலில் முந்தானையை ஏந்தி நிற்கிறாள். ஒரு கை அதில் பை நிறைய அரிசியைக் கொட்டுகிறது. படம் அவள் முகத்தை நெருங்கி, கண் கலங்கும்வரை அங்கேயே காத்து நிற்கிறது. 'பங்குக் கோயில் இளைஞர்களின் சிறு உதவி' என்று கீழே எழுத்து. அதற்கும் கீழே கைதட்டல்கள், கும்பிடுகள், வரிசையாக ஆமென்.

அரிசி கொட்டிய கையில் இருந்த கடிகாரம் நான் என் மகனுக்கு வாங்கிக் கொடுத்தது.

சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள் திருவிழாவுக்கு முன் காவி கட்டி, வீடு வீடாக மடிப்பிச்சை கேட்டு வருவார்கள். திராட்சைத் தோட்டக்காரர் மனைவியும் வருவாள், தினக்கூலிக்குப் போகிறவளும் வருவாள். என்ன நேர்ச்சை என்று யாரும் கேட்பதில்லை. இல்லை என்று சொல்வதும் இல்லை.

காணொளியில் இருந்தவள் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரி. கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்ததில் அவள் கணவர் படுத்த படுக்கையாகிவிட்டார். திருவிழாவுக்கு முன் அவளும் காவி கட்டி வந்தாள். திருவிழா முடிந்து மற்றவர்கள் காவியைத் துவைத்து மடித்து வைத்த பிறகும் அவள் வந்தாள். அக்டோபரிலும் வந்தாள், நவம்பரிலும் வந்தாள். நவம்பரில் எந்த நேர்ச்சையும் கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அரிசிப்படியைத் தலைதட்டாமல் குவித்துக் கொட்டினோம், அவ்வளவுதான். இந்தத் தெரு சேர்ந்து செய்த ஒரே நாகரிகமான காரியம் அது. அவளுடைய மகள் நான் பாடம் எடுக்கும் பிளஸ் டூ வகுப்பில், ஜன்னலோர பெஞ்சில் இருந்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பாள்.

மகன் கல்லூரியிலிருந்து வரும்வரை காத்திருந்தேன்.

"ஏலே, அந்தக் கை யாரோடது?"

"நல்லதுதானம்மா செஞ்சோம். நாலு பேரு பாத்தா நாலு பேரு செய்வாக."

"அவ நேர்ச்சைன்னுதான சொன்னா?"

"அதெல்லாம் சும்மாம்மா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

"எல்லாருக்கும் தெரியும்னா, நீ யாருக்குச் சொல்ல எடுத்த?"

முகத்தை மறைக்கச் சொன்னதாகவும், கூட இருந்தவன் மறந்துவிட்டதாகவும் முணுமுணுத்தான். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்ற நற்செய்தியைச் சாம்பல் புதன்தோறும் என் பக்கத்தில் நின்று கேட்டு, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவன் இவன். இவனுக்கு நான் என்னதான் சொல்லி வளர்த்தேன்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அன்பியத்துப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"டீச்சர், ஒங்க மகன் வீடியோவ எங்க வீட்டுல அவுக திரும்பத் திரும்பப் பாத்தாக. கண்ணு கலங்கிப்போச்சு" என்றாள் ஒருத்தி.

பக்கத்தில் இருந்தவள் குரலைத் தாழ்த்தினாள். "இருந்தாலும் பாருங்க, மாதா பேரச் சொல்லி இத்தன மாசம் நம்மள ஏமாத்திருக்கா."

அவளும் மாதக்கணக்கில் அரிசி போட்டவள்தான். நேற்றுவரை அவளுக்கும் தெரிந்த விஷயம், படமாகப் பார்த்ததும் ஏமாற்று வேலையாகிவிட்டது. அவள் வாயிலிருந்து பூசையில் வாங்கிய நற்கருணை அப்பத்தின் மணம் இன்னும் போயிருக்காது. நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் ஜன்னலோர பெஞ்ச் காலியாகவே இருந்தது. மகனைக் கூட்டிக்கொண்டு தெருக்கோடி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்று பேசினாள். உள்ளே கணவர் இருமினார்.

"அத அழிச்சிட்டோம் அத்தை" என்றான் மகன், தரையைப் பார்த்தபடி.

"எங்கன அழிச்சீக தம்பி? தேவாரம் ஊர்லருந்து என் நாத்தனா போன் போட்டு, என்ன, சினிமாவுல நடிக்கப் போயிட்டியான்னு கேக்குறா." சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "நேர்ச்சைன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே அது பாதி நேர்ச்சையாத்தான் இருந்துச்சு டீச்சர். மாதா கேக்கச் சொன்னதாத்தான் நெனச்சுக்கிருவேன்."

"பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புங்க. பரீட்சை வருது. நான் பாத்துக்கிறேன்."

"பஸ்ஸுல எப்படிப் பாத்துக்கிருவீக? அது ஏறுனதும் பின் சீட்டுல எவனாவது போன எடுத்து அந்த வயலினப் போட்டு விடுறான். அப்புறம் மொத்த பஸ்ஸும் சிரிக்கிதாம்."

என் மகன் நிமிர்ந்தான். அவன் தேடி எடுத்து ஒட்டிய இசை அது. காட்சிக்கு ரொம்பப் பொருத்தமாக இருந்தது என்று நண்பர்களிடம் அவன் பெருமைப்பட்டதை நானே கேட்டிருந்தேன்.

கொண்டுபோன அரிசிப் பையை நான் நீட்டவில்லை. நீட்ட முடியவில்லை. திரும்பி வரும்போது மகன்தான் அதைச் சுமந்து வந்தான்.

டிசம்பரில் விடியற்காலைத் திருப்பலிக்கு நானும் மகனும் கோயிலுக்கு நடந்துபோனோம். தெரு முக்கில் தோட்டத்து ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் தலைத்துண்டும் தூக்குவாளியுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் என் மாணவி. அம்மாவின் காவிச்சேலையைக் கிழித்துத் தலையில் கட்டியிருந்தாள். வகுப்பில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கும் பழக்கம் போகவில்லை. ஜீப்புக்குள்ளும் பாதி எழுந்தாள். தலை கூரையில் இடித்தது. பக்கத்தில் இருந்தவள் இழுத்து உட்கார வைத்தாள்.

"அரையாண்டுப் பரீட்சைக்காவது வா" என்றேன்.

"அப்பாவுக்கு மருந்து வாங்கணும் மிஸ்" என்றாள். ஜீப் கிளம்பியது.

அவளுடைய அப்பா போன அதே மலைப்பாதை. மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கைப்பேசியை எடுத்து வெறும் திரையைத் தடவிக்கொண்டிருந்தான். வேறு எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.