ஒன்பதாவது ஆவர்த்தனம்

இதைப் படித்துவிட்டு யாரும் காரை எடுத்துக்கொண்டு மலேசியாவின் பத்து காஜா ஊர்ப் பக்கம் தேடிப் போக வேண்டாம். அதற்காகவே இது நடந்த எஸ்டேட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. இதில் வரும் பிள்ளையின் அப்பா கதிரவேலு ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சிரிப்பதற்கே இரண்டு தடவை யோசிக்கிற மனுஷர், கதை கட்டத் தெரியாது. அவர் சொன்னதும், அவர் மகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டியதும்தான் இது. நானாகச் சேர்த்தது ஒன்றுமில்லை.

மகள் பெயர் தக்ஷாயினி. அப்போது பதினாறு வயது, பள்ளியில் ஃபார்ம் ஃபோர் வகுப்பு. எட்டு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம். சோறு இல்லாமல் இருப்பாள், பாட்டு இல்லாமல் இருக்க மாட்டாள். போன வருஷம் ஜூன் விடுமுறையில் பத்து நாள் சங்கீத முகாம் என்று அறிவிப்பு வந்தது. பேராக் மாநிலம் முழுவதிலிருந்தும் எட்டே பிள்ளைகள். கடைசி நாள் ஈப்போவில் கச்சேரி. எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் தனியாகப் பாட மேடை, மற்ற ஏழு பேரும் பின்பாட்டு.

காரில் கொண்டுபோய் விடும்போது கதிரவேலு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“மேடை கிடைச்சா பாடு, பிள்ளை. கிடைக்கலன்னா எஸ்பிஎம் பரீட்சை முடியிற வரைக்கும் பாட்டுன்னு வாயத் திறக்கக் கூடாது. சரியா?”

“சரிப்பா.”

அந்தப் பேச்சை நினைத்து அவர் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

முகாம் நடந்த அந்த எஸ்டேட்டில் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இடிந்து போய்விட்டன. நின்றவை இரண்டே கட்டடங்கள். ஒன்று தோட்டத்துக் கணக்கரான கிராணி இருந்த பழைய வீடு, பிள்ளைகள் தங்கியது அங்கே. இன்னொன்று பெரட்டுக் கொட்டகை. பெரட்டு என்றால், விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அந்தக் கொட்டகைக்குச் சுவர் எழுப்பி, டைல்ஸ் போட்டு, ஃபேன் மாட்டிப் பாட்டு ஹாலாக ஆக்கியிருந்தார்கள்.

முகாமை நடத்தியவர் கௌரி டீச்சர். நல்லவர், ஆனால் தாளத்தில் அரை எண்ணிக்கை பிசகினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காலை ஐந்து மணிக்குச் சாதகம். இடி விழுந்தாலும் எழுந்திருக்காத பிள்ளைகளெல்லாம் நாலரைக்கே பல் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டுப் பேரும் வட்டமாக உட்கார வேண்டும். விளக்கை அணைத்துவிடுவார். கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும்.

“வெளிச்சம் இருந்தா அடுத்தவன் வாயப் பாத்துப் பாடுவீங்க. காதால பாடணும்.”

முறை இதுதான். ஆதி தாளம், ஒருவருக்கு ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை. முதல் நான்கில் கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ-வுக்கு ஏற வேண்டும். அடுத்த நான்கில் இறங்க வேண்டும். உடனே அடுத்தவர். இப்படியே சுற்றிச் சுற்றி முக்கால் மணி நேரம். யாருக்காவது பாதியில் மூச்சு நின்றால், அடுத்தவர் அந்த இடத்திலிருந்தே எடுத்து முடித்துவிட வேண்டும். தாளம் விழவே கூடாது. டீச்சர் தன் கைப்பேசியில் தினமும் பதிவு செய்து, அதை வைத்துத்தான் மதிப்பெண் போட்டார்.

தக்ஷாயினி எட்டாவது ஆள். அவளுக்கு வலப்பக்கம், ஏழாவதாக, காம்பாரிலிருந்து வந்த பவித்ரன். நல்ல குரல். மேடை இவளுக்கு, இல்லாவிட்டால் அவனுக்கு என்று இரண்டாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இவளிடம் ஒரே ஒரு குறை. நி-க்கும் மேல் ஸ-வுக்கும் நடுவில் குட்டியாக ஒரு மூச்சு எடுப்பாள். டீச்சர் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார். வீட்டில் அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை. மணி ஐந்து பன்னிரண்டு.

பவித்ரன் இறங்கி முடித்தான். தக்ஷாயினி வாயைத் திறந்தாள். அதற்குள் வேறொரு குரல் ஏறத் தொடங்கிவிட்டது. பெண் குரல். சன்னமாக, சுருதியோடு ஒட்டிக்கொண்டு. நி வரைக்கும் போனது. அங்கே நின்றுவிட்டது. இறங்கவில்லை.

இடப்பக்கம் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த சிவாஜினி முறை தெரியாமல் பாடிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, தக்ஷாயினி ஒரு ஆவர்த்தனம் பொறுத்துவிட்டுப் பாடினாள்.

சாதகம் முடிந்ததும் டீச்சர் கூப்பிட்டார். “உன் முறையில ஏன் ஒரு ஆவர்த்தனம் சும்மா விட்ட? தூங்கிட்டியா?”

“இல்ல டீச்சர். யாரோ பாடுனாங்க.”

“யாரும் பாடல லா. தாளம் செத்துப் போச்சு, மூணு மார்க் போச்சு.”

அழுகையை அடக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள். சமையலுக்கு இருந்தது முத்தம்மா. அறுபதை நெருங்கும் வயது, அதே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். தட்டில் சூடான மைலோ வைத்திருந்தார். தக்ஷாயினி கப்புகளை எண்ணினாள். ஒன்பது. டீச்சர் வெந்நீரைத் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை.

“அக்கா, இது யாருக்கு?”

முத்தம்மா நிமிராமலே சொன்னார். “ஒம்பது குரல் கேட்டுச்சு. ஒம்பது கப்பு போட்டேன்.”

சொன்ன பிறகுதான் தட்டைப் பார்த்தார். பார்த்த கையோடு ஒரு கப்பை எடுத்து அங்கணத்தில் ஊற்றினார். முகம் வெளுத்திருந்தது. மறுநாளிலிருந்து, காய்ச்சல் என்று சொல்லி அவர் வேலைக்கு வரவில்லை.

நான்காம் நாள் அதே இடத்தில் அதே குரல். ஐந்தாம் நாளும் அப்படியே. பவித்ரனுக்கு எதுவும் கேட்கவில்லை. டீச்சரின் பதிவிலும் ஒன்றுமில்லை. பொறுத்திருந்தால் மதிப்பெண் போகிறது. ஆறாம் நாள் துணிந்து அந்தக் குரலோடு சேர்ந்தே பாடினாள். தொண்டைக்குள் யாரோ விரல் விட்டதுபோல் இருந்தது. அன்று முழுவதும் இருமினாள்.

வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். அப்பா சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. போகவில்லை.

ஏழாம் நாள், எட்டாம் நாள் இரண்டும் எப்படியோ ஓடின. ஒன்பதாம் நாள் மத்தியானம் பெயர் அறிவிப்பார்கள். பவித்ரன் இரண்டு மதிப்பெண் முன்னால் இருந்தான். மிச்சமிருந்தது ஒரே ஒரு காலை.

ஜூன் ஆறாம் தேதி. விடியற்காலை ஐந்து மணி. விளக்கு அணைந்தது.

முதலில் வந்தது நாற்றம். புளித்த ரப்பர் பால் நாற்றம். சுற்று வட்டாரத்தில் ஒரு ரப்பர் மரம் கிடையாது.

ஐந்து பத்து. ஐந்து பதினைந்து. சுற்றுகள் ஒழுங்காகப் போயின. அந்தக் குரல் வரவில்லை. தக்ஷாயினிக்கு மனசு கொஞ்சம் லேசானது.

ஐந்து இருபத்திரண்டு. பவித்ரன் இறங்கி முடித்தான்.

பட்... பட்...

தொடையில் தாளம் போடும் சத்தம். அவளுக்கும் பவித்ரனுக்கும் நடுவிலிருந்து வந்தது.

இருவர் முட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை.

ஸ... ரி... க... ம...

இவ்வளவு பக்கத்தில் இதுவரை கேட்டதில்லை. காது மடலில் குளிர்ந்த மூச்சு பட்டது.

ப... த... நி...

நின்றது.

கண்ணைத் திறக்கக் கூடாது. தாளம் விழக் கூடாது. விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும்.

ஒன்பது நாள் பழக்கம். யோசிக்கவே நேரமில்லை. குட்டியாக ஒரு மூச்சு எடுத்தாள்.

ஸ...

எடுத்துக்கொடுத்துவிட்டாள்.

அப்படி ஒரு ஸ-வை அவள் வாழ்நாளில் பாடியதில்லை. கத்தி மாதிரி நின்றது. இறங்கி முடித்தபோது சுற்றில் யாருமே அடுத்ததை எடுக்கவில்லை. தாளம் விழுந்தும் டீச்சர் திட்டவில்லை.

விளக்கு எரிந்தது. டீச்சர் கண்ணில் நீர். “தக்ஷா, இன்னைக்கி ஏறும்போது வேற யாரோ பாடுற மாதிரி இருந்துச்சு. அது நீதானே?”

அவள் தலையை ஆட்டினாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்... காற்றுதான் வந்தது.

மத்தியானம் அவள் பெயரைத்தான் அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நன்றி என்று சொல்லக்கூட அவளால் முடியவில்லை. களைப்பாக இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்கள். மறுநாள் ஈப்போ மேடையில் பாடியது பவித்ரன். தக்ஷாயினி முதல் வரிசையில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று வரைக்கும். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பார்க்காத டாக்டர் இல்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதிரவேலு மகளைக் கூட்டிக்கொண்டு முத்தம்மாவின் வீட்டைத் தேடிப் போனார். அவளைக் கண்டதும் முத்தம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எடுத்துக் குடுத்துட்டியாம்மா?”

தக்ஷாயினி தலையாட்டினாள்.

“பாப்பாவும் இப்படித்தான் எடுத்துக் குடுத்தா,” என்றார் முத்தம்மா.

பாப்பா அவருடைய சிநேகிதி. சின்ன வயதில், மாரியம்மன் திருவிழாவுக்காக ஒரு ஆர்மோனிய வாத்தியார் பெரட்டுக்கு முன்னால் தோட்டத்துப் பிள்ளைகளை அந்தக் கொட்டகையில் உட்கார வைத்துப் பாட்டுப் பழக்கினார். பாப்பாவுக்குப் பதினாலு வயது. ஒரு நாள் காலையில் பாடி முடித்தாள். பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. அதோடு சரி.

“நாங்க ஏழு பேருதான் பழகுனோம், சார். எனக்கு எட்டுக் குரல் கேக்கும். சொன்னா யாரும் நம்பல.” தக்ஷாயினியின் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தப் பிள்ளைகிட்டயாவது நான் சொல்லியிருக்கணும். பயந்து ஓடிட்டேன்.”

“அந்தப் பாப்பா எப்ப செத்தாங்க?”

முத்தம்மா அவரை விநோதமாகப் பார்த்தார். “யார் சொன்னா செத்துட்டான்னு? காம்பார்ல தம்பி வீட்டுல இருக்கா.”

அன்று சாயங்காலமே காம்பார் போனார்கள். கேட்டைத் திறந்தவர் பாப்பாவின் தம்பி அர்ச்சுனன். விஷயத்தைக் கேட்டதும் அவரே சொல்லத் தொடங்கினார்.

“நாப்பத்தஞ்சு வருஷம் அக்கா ஊமையா கெடந்துச்சு, சார். ஜூன் ஆறாந்தேதி நான் வேலைக்குக் கெளம்புறேன். உள்ள சின்னப் புள்ள பாடுற சத்தம். நம்ம வீட்டுல ஏது சின்னப் புள்ளன்னு ஓடிப் பாத்தேன். மணி அஞ்சு இருவத்திரெண்டு.”

“பேசுறாங்களா?”

“பேச்சு இல்ல. அந்த ஒரு வரிதான். பொழுது அடைஞ்சா ஒரு தரம், விடியிறதுக்கு முன்ன ஒரு தரம்.”

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் பாப்பா உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை. ஒட்டிய கன்னம். வந்தவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதிரவேலு எதிரே உட்கார்ந்தார். பக்கத்தில் மகள். வெளியே இருட்டத் தொடங்கியது. களைப்பில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பட்... பட்...

ஸ... ரி... க... ம... ப... த... நி...

நடுவில், குட்டியாக ஒரு மூச்சு.

கதிரவேலு பழக்கதோஷத்தில் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“தக்ஷா, அங்க மூச்சு எடுக்காதம்மா...”

சொன்ன பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

கண்ணைத் திறந்தார். மகள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு மேலே கண்ணீர் வழிந்தது. பாடிக்கொண்டிருந்தது பாப்பா.

இந்த வருஷமும் அந்த முகாம் நடந்தது. டீச்சரிடம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். தொண்டைக் கோளாறுக்குக் கொட்டகை என்ன செய்யும் என்றார். சமையலுக்கு இந்த முறை தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு பெண், பெயர் பிரமிளா. ஊருக்குப் புதிது, முத்தம்மாவையோ பாப்பாவையோ கேள்விப்பட்டதுகூட இல்லை. முகாம் முடிந்ததும் நானே அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

எட்டுப் பிள்ளைகள். காதில் விழுந்த குரல்களை எண்ணி, முதல் நாள் காலையில் அவள் போட்டது ஒன்பது கப்.