இனிஷியல் முன்னாலா, பின்னாலா?

பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்தும் கல்லூரியில், போன செவ்வாய்க்கிழமை என்னை 'விருந்தாளி' என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது மனிதர் இல்லை... புது சர்வர்.

மூன்றாம் வருடத்தில் அறுபது பேர். அவர்களுடைய இன்டர்னல் மார்க்கை மாலை நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் ஒருவருக்கும் ஹால் டிக்கெட் வராது. மார்க் ஃபைல் தயார். பாஸ்வேர்டு சரி. சர்வர் என்னை உள்ளே விட்டது. ஃபைலைத் தொட்டால் மட்டும் — 'அனுமதி இல்லை'.

கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் ஜெயந்தி வந்தாள்.

"ஃபைல் உங்க பேர்லதான் சார் இருக்கு. எல்லாருக்கும் திறந்தும் விட்டுட்டேன். அப்பவும் மாட்டேங்குது."

பக்கத்து மேசைக் கணக்கு வாத்தியார் சும்மா இருப்பாரா? "அண்ணே, பிரின்சிபாலை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுவமா?"

"யார் சொன்னாலும் கேக்காது சார்," என்றாள் ஜெயந்தி. "பாஸ்வேர்டு வாசல் வரைக்கும்தான். உள்ள நுழையும்போதே ஆளுக்கொரு சீட்டு ஒட்டிரும். சீட்டுல உள்ள வேலையை மட்டும்தான் செய்ய விடும்."

மதுரையில் சிபாரிசு செல்லாத ஓர் இடம்! கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மணி மூன்று இருபது என்பதால் பெருமை நீடிக்கவில்லை.

என் சீட்டைத் திரைக்கு வரவழைத்தாள். 'கெஸ்ட்'.

"மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறங்குன வெளியூர் ஆளுன்னு நெனச்சிருச்சுண்ணே," என்றார் கணக்கு.

ஜெயந்தி ஆசிரியர் பட்டியலைத் திறந்தாள். அதில் என் பெயர் இருந்தது, இனிஷியல் பின்னால். லாகின் பெயரிலோ இனிஷியல் முன்னால். முன்னால் போடுவதே தமிழ் முறை என்று வாதாடி, லாகின் ஃபாரத்தை அடித்துத் திருத்திக் கொடுத்தது யார்? தமிழ் வாத்தியாராகிய நான்தான். பட்டியலில் இல்லாத பெயரெல்லாம் கெஸ்ட். சர்வருக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான்.

பட்டியலைத் திருத்தினாள். ஃபைலைத் தொட்டேன். அனுமதி இல்லை.

"ஏம்மா, இப்பத்தான திருத்துன?"

"அது முன்னாடி ஒட்டுன சீட்டு சார். இருந்த இடத்துலயே மாறாது. வெளிய போயிட்டு வாங்க."

எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டு வந்தேன்.

ஜெயந்தி சிரிக்கவில்லை. நல்ல பெண். "நீங்க இல்ல சார்... லாகின்."

வெளியேறி, மறுபடி நுழைந்தேன். ஃபைல் திறந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு மார்க் போய்ச் சேர்ந்தது.

நாம் யார் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் போதும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். போதாது. பட்டியலுக்கும் தெரிய வேண்டும்.

நேற்று அறுபது ஹால் டிக்கெட்டும் வந்தன. ஒரு மாணவி மட்டும் தயங்கியபடி வந்து நின்றாள்.

"சார், என் இனிஷியல் பின்னால விழுந்திருச்சு. முன்னாலதான் தமிழ் முறைன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பட்டியல்ல எப்படி இருக்கு?"

"பின்னாலதான் சார்."

"அப்ப அதுதாம்மா தமிழ் முறை."