என் மகன் போட்டுக்கொண்ட ஊசி

சென்ற ஆண்டு, பிப்ரவரி. மலேசியாவின் ஜொகூர் பாரு, ஒரு தனியார் மருத்துவமனை. திருமணமாகி ஆறு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாததால் என் மகனும் மருமகளும் பரிசோதனைக்குச் சென்றனர். மருமகளிடம் குறை எதுவும் காணப்படவில்லை. மகனின் விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு.

மே. மறு பரிசோதனை. எண்ணிக்கை முன்னதைவிடக் குறைவு.

ஜூன். இரத்தப் பரிசோதனை. காரணம் தெரிந்தது. சிகிச்சை தொடங்கியது.

டிசம்பர். எண்ணிக்கை உயர்ந்திருந்தது. இயல்பான அளவை எட்டவில்லை.

இந்த ஆண்டு, மார்ச். செடெனாக் அருகே நெடுஞ்சாலையில், சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் வழியில், மோட்டார் சைக்கிள் விபத்து. மகன் மரணம். வயது முப்பத்தாறு.

ஏப்ரல். யோங் பெங்கில், என் வீட்டில், பதினாறாம் நாள் காரியம்.

மேலே உள்ளவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. இனி எழுதுவது அவற்றுக்கு இடையில் நடந்தவை.

ஜூன் மாதம் மருத்துவரைப் பார்க்கப் போனபோது என் மகன் என்னையும் உடன் வரச் சொன்னான். "நீங்க உயிரியல் சொல்லிக் குடுத்தவரு. அந்த டாக்டர் பேசுறது எனக்குப் பாதி புரியமாட்டேங்குது" என்றான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அந்தப் பாடத்தை நான் நெடுங்காலம் நடத்தியது உண்மை. ஆனால் சொந்த மகனின் உடலைப் பற்றி அவனருகில் அமர்ந்து கேட்பது வேறு. அவனுடைய தாய் உயிரோடிருந்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன்.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. மருந்து ஏதாவது உட்கொள்கிறீர்களா என்று முதல் இரண்டு முறையும் அவர் கேட்டிருந்தார். இல்லை என்று இவன் சொல்லியிருந்தான். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு கேள்வியை மாற்றினார். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதுண்டா? உண்டு. அங்கே ஊசி ஏதாவது? என் மகன் சற்றும் தயங்காமல், "அது மருந்து இல்ல டாக்டர், ஜிம் சாமான்" என்று மலாயில் சொன்னான்.

மருமகள் அவன் பக்கம் திரும்பினாள். "பிப்ரவரிக்கு அப்புறம் அதைத்தானே டபுளா போட்டுக்கிட்டீங்க?"

"கோச்சுதான் சொன்னாரு. ஆம்பள ஹார்மோன்தானே, கூடப் போட்டா எல்லாம் கூடும்னு."

மருத்துவர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன். நிதானமாக விளக்கினார். ஆண் ஹார்மோன் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால், தேவையான அளவு இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. கட்டளை வராத விரைகள் வேலையை விடுகின்றன. தோளும் மார்பும் பருக்கும். விந்தணு குறைந்துகொண்டே போகும், சிலருக்கு முற்றிலும் இல்லாமல் போகும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம். ஆகவே இன்று சரிசெய்வது இன்றே தெரியாது. மூளையின் கட்டளையை எழுப்ப மாத்திரை தந்தார். சிகரெட்டை விடச் சொன்னார்.

"அப்போ ஃபேக்டரிய நானே இழுத்து மூடிட்டேன்" என்றான் என் மகன், தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன்.

"சாவிய அந்தக் கோச்சுகிட்ட குடுத்துட்டு" என்றாள் மருமகள். இருவரும் சிரித்துவிட்டார்கள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். அவன் கோப்பையைத் தொடவில்லை. "அப்பா, இது யாருக்கும் வேணாம்ப்பா. முக்கியமா அத்தைக்கு." அத்தை என்றது என் அக்காவை. எங்கள் குடும்பத்தில் அவரிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.

"என்னைக் கேட்டா தைராய்டுன்னு சொல்லிக்கிறேன்" என்றாள் மருமகள். "பொம்பளைக்குக் கொறைன்னா மேற்கொண்டு கேள்வியே கேக்கமாட்டாங்க."

அவள் சொன்னபடியே நடந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து உறவினர்கள் உணவருந்திக்கொண்டிருந்தார்கள். என் அக்கா எனக்கு எதிரில் அமர்ந்திருந்தார். அவருடைய மகன், ஆவணியில் திருமணம் நிச்சயமாகியிருப்பவன், நாற்காலிகளை நான்கு நான்காகத் தூக்கி வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தான். கை வைக்காத பனியன். தோள்களில் இரண்டு பந்துகளை வைத்துத் தைத்ததுபோல் சதை. முதுகெங்கும் சிவந்த பருக்கள். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இப்படி வரும் என்று அந்த மருத்துவர் சொல்லியிருந்தார். என் மகனின் முதுகிலும் இருந்தது. இருவரும் ஒரே உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனவர்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். அதன் பொருள் அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

"ஏழு வருஷம் லா, தம்பி" என்றார் அக்கா. "ஏழு வருஷத்துல ஒண்ணு பெத்துக் குடுக்க முடியல. பெத்த அப்பன் போய்க் கொள்ளி வைக்கிற மாதிரி ஆயிப்போச்சு. தைராய்டாம். நானுந்தான் தினம் தைராய்டு மாத்திரை முழுங்குறேன், மூணு பெத்துட்டுத்தானே உக்காந்திருக்கேன்?"

நான் எழுந்தேன். சொல்லவேண்டிய வாக்கியம் முழுமையாக என்னிடம் இருந்தது. குறை என் மகனிடம் இருந்தது. அதே குறையை உன் மகனும் தேடிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னிலையில் அதைச் சொல்லியிருப்பேன்.

"மாமா, இலை போட்டாச்சு. வந்து உக்காருங்க" என்று மருமகள் என் முன்னால் வந்து நின்றாள். விலகவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

எல்லாரும் போன பிறகு அவள் பாத்திரம் துலக்கினாள், நான் துடைத்தேன்.

"நான் சொல்லியிருப்பேன்மா."

"தெரியும் மாமா. அதான் ஓடியாந்தேன்."

"உன்மேல பழி வருதும்மா."

"என்னைப் பேசினா நான் இருக்கேன், திருப்பிப் பேசிக்குவேன். அவரைப் பேசினா அவரால முடியுமா?"

அக்கா மகனின் முதுகைப் பற்றிச் சொன்னேன். அவள் குழாயை மூடினாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாங்குவாங்க" என்றாள். "அவனுக்கு மட்டும் சொல்லுங்க மாமா. அவங்கம்மாவுக்கு வேணாம். இவரு பேரச் சொல்லியே சொல்லுங்க. பொதுவா சொன்னா அவன் கேக்கமாட்டான்." கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. விபத்துச் செய்தி வந்த நாளுக்குப் பிறகு அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். ஊசியை நிறுத்து என்றேன்.

"எந்த ஊசி மாமா?"

உன் மச்சானுக்குப் பிள்ளை இல்லாமல் போனதற்கு எந்த ஊசி காரணமோ, அந்த ஊசி என்றேன். மருத்துவர் எனக்குச் சொன்ன வரிசையிலேயே எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். வகுப்பில் சொல்வதைப்போலச் சொல்ல முடிந்தது. அது ஓர் உதவி. தண்ணீர்க் குழாய் அவன் கையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"மச்சான் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான். "அவரு டோஸ் கூட்டினப்ப என்னையும் கூட்டச் சொன்னாரு. அப்புறம் திடீர்னு முதுகுவலி, இனிமே ஜிம்முக்கு வரமாட்டேன்னாரு. நான் வேற, கெழவன் ஆயிட்டீங்க மச்சான்னு கிண்டல் பண்ணேன்."

மனைவியிடமும் தந்தையிடமும் சிரித்தவன், இவனிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான். அந்த வெட்கத்தை நான் புரிந்துகொள்கிறேன். மன்னிக்கவும் செய்கிறேன். அதன் விளைவு எதிரில் நின்றது.

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது: "என்னடா ரெண்டு பேரும் ரகசியம்?"

"கார்ல ஏதோ சத்தம்மா, மாமா கேட்டுட்டு இருக்காரு!" என்று கத்திவிட்டு, என்னிடம் தணிந்த குரலில், "கல்யாணம் முடியட்டும் மாமா, அப்புறம் பாத்துக்கலாம். இப்ப நிறுத்தினா ஒடம்பு எறங்கிடும். கோட்டு போட்டா நல்லாருக்காது" என்றான்.

தம்பதியாக நிற்கும் படத்தில் தோள் அகலமாகத் தெரியவேண்டும். என் மகனுக்கும் அப்படித்தான் தொடங்கியது. மறுபடி வருவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

செய்யாமல் நிற்பவை:

மகன் பெயரில் மருத்துவமனையில் பதிவாகியிருக்கும் அடுத்த பரிசோதனையை ரத்து செய்வது. மருமகள் என்னிடம் விட்டிருக்கிறாள். இன்னும் தொலைபேசியை எடுக்கவில்லை.

அவன் அலமாரியில் எஞ்சியிருக்கும் ஊசி மருந்தை அங்கிருந்து அகற்றுவது.

அக்கா மகனை, திருமணத்துக்கு முன்பாக, அந்த மருத்துவரிடம் அழைத்துச் செல்வது. அவன் வராவிட்டால் மணப்பெண்ணிடம் சொல்லலாமா என்று மருமகளைக் கேட்பது.