சிந்திய சோறும் ஒரு புகார்க் கடிதமும்

எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் அது. மலாக்கா காஜா பேராங்கில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பழைய பங்களாவை நோயாளிகள் இல்லமாக்கி வைத்திருந்தார்கள். ‘இனி மருந்துக்கு வேலையில்லை, பயிற்சிதான்’ என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அங்கே வந்து சேர்வார்கள். கை கால் விழுந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள் என்று பதினைந்து இருபது கட்டில்கள் இருக்கும். அதில் ஒரு கட்டிலில் என் அண்ணன் இருந்தார்.

அண்ணன் எனக்குப் பதினான்கு வயது மூத்தவர். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். பத்து பெரெண்டாம் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். அண்ணி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒருநாள் காலையில் ஆட்களின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ‘ம்’, ‘வேணாம்’, அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை, இந்த மூன்றும்தான் அவர் வாயில் மிச்சம் இருந்தன.

நான் அதே தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கிற வேலை பார்த்தேன். ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், குமிழி எங்கே, பூஞ்சணம் எங்கே, எது முதல் தரம், எது கழிவு என்று அந்த நிமிஷமே சொல்லிவிடுவேன். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்று எனக்கு ஒரு கொழுப்பு. வயசும் இருபத்தாறு.

இல்லத்தில் அண்ணனைப் பார்த்துக்கொண்டவர் மலாக்கா செட்டி சமூகத்தைச் சேர்ந்த ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும். பக்கத்திலேயே வீடு. நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை. கும்பிடுகிற சாமியெல்லாம் நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் வராது. அதுவே எனக்கு முதல் குறையாகப் பட்டது. தமிழ் தெரியாதவர் என் அண்ணனை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று இல்லத்துப் பொறுப்பில் இருந்த பெரிய மிஸ்ஸியிடமே கேட்டுவிட்டேன். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்.

“இப்ப ஒங்க அண்ணனுக்கே தமிழ் வரலியே தம்பி” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் அவர். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவேன். போனதும் என் பரிசோதனை ஆரம்பமாகிவிடும். படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பேன். முதுகில் புண் இருக்கிறதா என்று பார்ப்பேன். நகம் வெட்டியிருக்கிறார்களா, வேட்டி மாற்றியிருக்கிறார்களா, மோந்து பார்க்காத குறைதான். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் அண்ணன் மட்டும் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே போனார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பனியன் தோளில் நிற்காமல் நழுவியது. நான் கொண்டுபோன ஆட்டுக்கறிக் குழம்பைக்கூட என் எதிரே தொடமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். இங்கே என்னவோ சரியில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஒரு புதன்கிழமை தோட்டத்து லாரி டவுனுக்குப் போனது. அதில் தொற்றிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் இறங்கினேன். மற்ற நோயாளிகள் கூடத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அங்கே இல்லை. அந்த அம்மா ஒரு தட்டில் சோறு எடுத்துப்போய் அண்ணன் கட்டிலருகே வைத்தார். கட்டிலைச் சுற்றித் துணித் தடுப்பை இழுத்து மறைத்தார். பிறகு வெளியே வந்து ஒரு நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்துகொண்டார்! வலது கை விழுந்த மனுஷனிடம் தட்டை வைத்துவிட்டு இவர் வெளியே காற்று வாங்குகிறார்.

நான் நேரே தடுப்பை நோக்கிப் போனேன். அவர் எழுந்து குறுக்கே நின்றார். அவரே சாப்பிடுவார், நீ வெளியே உட்கார் என்று மலாயில் சொன்னார். நான் அவரை ஒதுக்கிவிட்டுத் துணியை இழுத்தேன். அண்ணனின் தாடையில், மார்பில், விரிப்பில், தரையில் எங்கே பார்த்தாலும் சோறு. தட்டில் பாதி அப்படியே இருந்தது. கைகள் இரண்டும் போர்வைக்குள் இருந்தன. என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருஷம் எங்கள் எல்லோருக்குமே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. நாடு நம்முடையது, இனி தப்பு நடந்தால் தட்டிக் கேட்கலாம் என்று ஆளாளுக்கு மனு எழுதிக்கொண்டிருந்த நேரம். நானும் எழுதினேன். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியாரைப் பிடித்து, ஆங்கிலத்தில் தட்டெழுத்து அடித்து, இல்லத்தின் நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினேன். ‘பணிப்பெண் நோயாளிக்கு ஊட்டுவதில்லை, மறைப்புக்குப் பின்னால் பட்டினி போடுகிறார்’ என்று இருந்தது அதில். பெரிய மிஸ்ஸி அப்போது ஏதோ பயிற்சிக்காக இரண்டு மாதம் சிங்கப்பூர் போயிருந்தார்.

குழுவின் செயலாளர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நேரில் வந்து விசாரித்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா அவரிடமும், அவரே சாப்பிடுவார் என்று மட்டும்தான் சொன்னார். தரையைப் பாருங்கள் என்றேன் நான். செயலாளர் தரையைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அந்த அம்மா பக்கம் மெல்லத் தலையை அசைத்து, வேண்டாம் என்பது மாதிரி ஜாடை காட்டினார். அதன் பிறகு அந்த அம்மா வாயே திறக்கவில்லை. குற்றம் உள்ள நெஞ்சு, வேறென்ன பேசும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செயலாளர் அப்போதே முடிவு சொன்னார். இனிமேல் தடுப்பு கிடையாது, வேறொரு பணிப்பெண் கூடத்தில் உட்காரவைத்துக் கரண்டியால் ஊட்ட வேண்டும், இந்த அம்மா துணி துவைக்கிற வேலைக்குப் போக வேண்டும்.

நான்கு வாரம் போனது. அண்ணன் கன்னம் கொஞ்சம் உப்பியது. தராசில் நிறுத்துப் பார்த்தால் ஐந்து ராத்தல் ஏறியிருந்தது. தோட்டத்தில் எல்லோரிடமும் ஒரே பீற்றல், ஒரு கடுதாசிதான் போட்டேன், எல்லாம் நேராகிவிட்டது என்று. அண்ணன் என் முகத்தைப் பார்க்காததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. உடம்பு முடியாதவர், அப்படித்தான் இருப்பார் என்று விட்டுவிட்டேன்.

பெரிய மிஸ்ஸி திரும்பி வந்ததும் எனக்கு ஆள் விட்டார். போனேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி அவருடைய வலது கையை எடுத்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. இறுக மூடியிருந்தது.

“நா போறப்ப இந்த வெரல் விரிஞ்சிச்சு தம்பி” என்றார். “சோத்தப் பெசையிற அளவுக்கு விரிஞ்சிச்சு.”

எடை ஏறியிருக்கிறதே மிஸ்ஸி என்றேன் நான், விடாமல்.

“ஏறும். உக்கார வச்சி ஊட்டுனா யாருக்குந்தான் ஏறும். அதுக்கா இங்க கொண்டாந்து விட்டீங்க?”

வராந்தாவுக்கு அழைத்துப்போய், நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். வந்த புதிதில் பத்து நாள் அண்ணன் கூடத்தில் சாப்பிட வாயே திறக்கவில்லையாம். நூறு பேரை வேலை வாங்கியவர், நாலு பேர் பார்க்க ஒரு பெண்பிள்ளை ஊட்டி எப்படித் தின்பார்? இடது கையால் சோற்றைத் தொடவும் மனசு ஒப்பவில்லை. கழுவுகிற கை அல்லவா. பட்டினி கிடந்தார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே அதைப் புரிந்துகொண்டவர் அந்தச் செட்டி அம்மாதான். யாரும் பார்க்காதபடி தடுப்பை இழுத்துவிட்டு, தட்டை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே யாரும் நுழையாமல் காவலுக்குத்தான் அந்த நாற்காலி. முதல் நாள் அண்ணன் இடது கையால் தட்டைக் காலி செய்தார். பசி அடங்கியதும் மிஸ்ஸியும் அந்த அம்மாவும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். முதல் பத்து வாய் எப்படியாவது வலது கையால், அப்புறம்தான் இடது கை. கொஞ்ச நாளில் அண்ணனுக்கே வீம்பு வந்துவிட்டது. முழுச் சாப்பாட்டையும் வலது கையாலேயே தின்னப் பார்த்தார். பாதி வாய்க்குப் போனது, பாதி தரைக்குப் போனது.

“மெலிஞ்சாரு, நா இல்லேங்கல” என்றார் மிஸ்ஸி. “அத நா வந்து சரி பண்ணிருப்பேன். இத எப்படி சரி பண்றது?”

அப்படியானால் அந்த அம்மா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை அதுதானாம். யாருக்குத் தெரிந்தாலும் தம்பிக்குத் தெரியக்கூடாது. கை நேரான பிறகு தம்பியே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜாடையிலேயே கெஞ்சியிருக்கிறார். கொடுத்த வாக்குக்காக அந்த அம்மா வேலையைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார்.

அப்படி ஒரு அவமானத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. பின்கட்டுக்குப் போனேன். அந்த அம்மா ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நீ மன்னிப்புக் கேட்டால் அந்த விரல் விரியுமா என்று கேட்டார். துணியை உதறிக் கொடியில் போட்டார். பிறகு, மற்றவர்கள் பார்த்தால் அவருக்கு இப்போது கவலையில்லை, உன்னிடமிருந்துதான் ஒளிகிறார், அதனால் நீதான் உள்ளே வர வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடாமல் வா என்றார்.

அன்றைக்கே உட்கார்ந்து, என் புகார் தவறு என்று இன்னொரு கடிதம் எழுதினேன். இந்த முறை கிராணியார் இல்லை, என் கையெழுத்திலேயே எழுதினேன். அந்த அம்மா மறுபடி வார்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தடுப்புக்குள்ளே ஒரு சின்ன மேசை, இரண்டு தட்டு. சோறு, பருப்பு, பொரித்த மீன். என்னைக் கண்டதும் அண்ணன் “வேணாம், வேணாம்” என்று முகத்தைத் திருப்பினார். அந்த அம்மா காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு துண்டை எடுத்து என் வலது கையை நாற்காலிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனும் திரும்பிப் பார்த்தார்.

“மாக்கான். ஜாங்கான் தெங்கோக்” என்றார் என்னிடம். சாப்பிடு, அவரைப் பார்க்காதே என்று அர்த்தம். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இடது கையைச் சோற்றில் வைத்தேன். கூசியது. எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பருப்பு முழங்கை வரை வழிந்தது. சோறு சட்டையில் விழுந்தது, மடியில் விழுந்தது, தரையில் விழுந்தது. மீனிடம் என் பாச்சா பலிக்கவேயில்லை. சொன்னபடியே அண்ணன் பக்கம் நான் திரும்பவில்லை. ஐந்தாறு வாய் ஆகியிருக்கும். என் இடது மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது.

அடி என்றா சொல்வது? ஒரு துணி விழுந்த கனம்கூட இல்லை. ஆனால் எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. சின்ன வயதில் நான் இடதுகைக்காரன். சோற்றுக்கு இடது கை போகும்போதெல்லாம் அண்ணன் இதே இடத்தில்தான் போடுவார். ஒரு வருஷம் அடித்து அடித்துத்தான் என் கையை மாற்றினார். இப்போதும் அவரை அறியாமல் போட்டுவிட்டார். குனிந்து பார்த்தேன். என் மணிக்கட்டின் மேல் கிடந்தது அவருடைய வலது கை.

அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கோ அழுகைதான் வந்தது. அவர் அந்தக் கையை மெல்ல இழுத்துத் தன் தட்டில், சோற்றின் மேல் வைத்தார். என் எதிரிலேயே வைத்தார்.

அந்த அம்மா வந்து எங்கள் இரண்டு பேர் காலடியையும் பார்த்தார். என் கட்டை அவிழ்த்துவிட்டு, துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படியே சேர்ந்து சாப்பிட்டோம். அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு பதினொரு வருஷம் இருந்தார். வலது கையாலேயே சாப்பிட்டார். ஆனால் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் கடைசிவரை விரியவேயில்லை. அது என்னால்தான் என்று மிஸ்ஸி ஒருபோதும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தப்புக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது, அதற்கு விலையாகப் போனது என் அண்ணனின் நான்கு வாரம், அதை அவர் இருந்தவரை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.