சத்தம் நின்றபோது கேட்கப்பட்ட ஜெபம்

புகை மெஷினின் அந்தத் தித்திப்பான வாசனை கல்யாண மண்டபத்தில் எங்காவது மூக்கில் ஏறினால் போதும், என் மகளின் இழுப்புச் சத்தம் காதில் கேட்கும்.

அன்பானவர்களே, வடசென்னை காலடிப்பேட்டையில் எங்கள் தெருக் கிறிஸ்துமஸுக்கு நான்தான் தலைவன். பக்கத்துத் தெருவைவிடப் பெரிய நட்சத்திரம், பனி போல நுரை கொட்டும் மெஷின், மேகம் போலப் புகை, நெஞ்சை அதிரவைக்கும் ஸ்பீக்கர்கள். டிசம்பரிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊருக்குப் பனி! மாதம் முழுக்க ஓடினேன். ஒருநாள்கூட மண்டியிடவில்லை. காலிக் கன்டெய்னர் மாதிரி இருந்தேன். தட்டினால் சத்தம் மட்டும் பெரிதாக வரும்.

மகள் பெனிட்டாவுக்கு அப்போது ஏழு வயது. பிறந்ததிலிருந்தே வீசிங். மணலி ஆலைகளின் காற்று வீசும் எங்கள் பக்கத்தில் மிக்ஸி மாதிரி, மூச்சுக்கு மருந்து தரும் நெபுலைசரும் வீட்டுக்கு வீடு உண்டு. எங்களுடையது பழுதாகி மூன்று வாரம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். புகை மெஷினுக்குச் சொல்லிவைக்க மட்டும் மறக்கவில்லை.

இருபத்துநான்காம் தேதி, மாலை ஆறரை. விளக்குகள் எரிந்தன. புகை எழுந்தது. ஜனம் கைதட்டியது. அந்தப் புகை நேராக எங்கள் வீட்டு ஜன்னலுக்குள் போனதை நான் பார்க்கவில்லை. பிள்ளைக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மனைவி ஸ்டெல்லா பதினோரு முறை எனக்குப் போன் செய்தாள். ஜன்னலில் நின்று கத்தினாள். அந்தப் பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜெபித்தாள்: "ஆண்டவரே, இந்தச் சத்தத்தை நிறுத்தும். என் குரல் யாருக்காவது கேட்கட்டும்."

டப்பென்று தெருவே இருண்டது. லோடு தாங்காமல் பியூஸ் போய்விட்டது.

"இன்னா மாமு, பனி உருகிட்ச்சா?" என்று பக்கத்துத் தெருக்காரர்கள் சிரித்தார்கள்.

பியூஸ் பெட்டியைத் திறந்தபடி நானும் ஜெபித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன். "ஆண்டவரே, மானம் போகுது, கரண்டைக் கொடும்." ஸ்டெல்லாவுக்குக் கிடைத்த பதிலைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

எதிர்மாடியில் தையல்கடை வைத்திருக்கும் மும்தாஜ் அக்காவுக்கு அந்த அமைதியில்தான் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. மாடியிலிருந்து அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார்:

"டேய் அருளு! உம்பொண்ணு மூச்சு வுட முடியாம கெடக்குது, நீ இன்னாடா பியூச நோண்டிகினு கீற? தூக்கினு வாடா மேல!"

ஓடினேன். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. படியேறும்போது ஒரே வார்த்தைதான் வந்தது: "மூச்சு, ஆண்டவரே." அக்காவின் வீட்டில் அவர் மகனுடைய நெபுலைசர் இருந்தது. தையலுக்காக வாங்கிய இன்வெர்ட்டரும் இருந்தது. பத்து நிமிடம். துடித்த நெஞ்சுக்கூடு மெல்ல அடங்கியது. பிள்ளை கண் திறந்து, "அப்பா, பாட்டு ஏன் நின்னுச்சு?" என்றாள். உடைந்து அழுதேன். பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து, இனிப் பயமில்லை என்றார்.

அந்த மெஷின்கள் மறுபடி எங்கள் தெருவுக்கு வரவில்லை. இப்போது வாசலில் ஒரு காகித நட்சத்திரம், ஒரே பல்பு. டிசம்பர் மாலைகளில் வீடு வீடாகப் போய், யாருக்கு என்ன பாரம் என்று கேட்டு ஜெபிக்கிறோம். உள்ளே இருந்த காலியிடம் நிரம்பிவிட்டது. உங்கள் வீட்டுச் சத்தத்துக்கு அடியிலும் ஒரு குரல் இருக்கலாம். ஒரு நிமிடம் நிறுத்திக் கேளுங்கள். அவரை நம்பிக் கூப்பிடுங்கள். விளக்கை அணைத்தாவது பதில் தருவார்.

வருஷா வருஷம் எங்கள் முதல் கேக் மும்தாஜ் அக்காவுக்குத்தான் போகும். அந்த வருஷம் மறந்தே போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையமர்த்தினார்.

"தேங்ஸெல்லாம் நீயே வெச்சிக்க. நாளிக்கு கேக்கு எடுத்துகினு வரல, கால ஒடச்சிருவேன். போ, புள்ளைக்குக் காத்து வர்ற பக்கமா குந்து."