மூன்று அங்குலம் குறைவு

அளவு நோட்டு இல்லாமல் டெய்லரக்கா வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டாள். இருபது வருடத் தொழிலில் அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. அளவெடுத்ததும் வாடிக்கையாளர் அதன் கீழே கையெழுத்துப் போட்டாக வேண்டும். அப்புறம் யாரும் அவள் தலையில் பழியைப் போட முடியாது.

அன்று அவளுடைய சக்கர நாற்காலி நின்றது, மார்க்கெட்டில் கடை ஒதுக்கும் ஆபீஸ் வாசலில். மாற்றுத்திறனாளிகளுக்கான கடை குலுக்கலில் அவளுக்கு விழுந்திருந்தது. மாலை ஐந்துக்குள் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்திடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். போன மாதம் வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு அப்படித்தான் கை நழுவியது. அவருக்கும் சக்கர நாற்காலிதான். நாள் முழுக்க இந்த வாசலில் காய்ந்துவிட்டுத் திரும்பினார் மனிதர்.

சாய்தளம் என்னவோ புத்தம் புதிது. திறந்துவைத்தவர் பெயரைக் கல்லில் வேறு பொறித்திருந்தார்கள். ஏறிப் போனால் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. கதவையும் அகலப்படுத்த வேண்டுமென்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை!

"ரெண்டு பேரை விட்டுத் தூக்கச் சொல்லட்டுமாம்மா?" என்றார் கிளார்க்.

"நான் என்ன மூட்டையா? பதிவேட்டை இங்க கொண்டாங்க."

"அது ரூமை விட்டு வெளிய வரக்கூடாது, ரூல். உங்க நாற்காலிதாம்மா கொஞ்சம் பெருசு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சட்டை பத்தலைன்னா ஆளையா சார் வெட்டுவாங்க?"

கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். நோட்டில் எழுதினாள்: கதவு இருபத்துநான்கு. நாற்காலி இருபத்தேழு. மூன்று அங்குலம் குறைவு. தேதியையும் போட்டு நீட்டினாள்.

"கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் அளவெடுத்தா எல்லாரும் போடுறதுதான்."

கிளார்க்குக்கு வியர்த்துவிட்டது. நாளைக்கு யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வது அவரல்லவா? உள்ளே ஓடினார். வெளியே வரவே கூடாத பதிவேடு இரண்டே நிமிடத்தில் அவள் மடிக்கு வந்தது.

கையெழுத்துப் போட்டாள். கடை அவளுடையதாயிற்று. அப்பாடா என்று மூச்சு விடப் போனவள், பக்கத்தின் மேல்வரியைப் பார்த்தாள். வாட்ச் ரிப்பேர்க்காரரின் பெயர். எதிரே சிவப்பு மையில், 'நேரில் வரவில்லை.'

"வரலையா? இதே இடத்துல உக்காந்திருந்தாரே சார்!"

கிளார்க் பதிவேட்டுக்குக் கை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பேனா தரேன். வந்தாரு, கதவு பத்தலைன்னு எழுதுங்க. அதுவரைக்கும் இது வெளியவே இருக்கட்டும்."