அண்ணன் கொடுத்த ரத்தம்

அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ரெட்டியார்சத்திரத்தில் பள்ளியில் இருந்தேன். போனில் பேசியது அண்ணன் மகன். "அத்தா மௌத்தாயிட்டாங்க மாமி. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." தலைமையாசிரியை என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

தோல் மண்டி சிக்கந்தர் பாயோடு பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அவருடைய ஒரே தங்கை. உங்களில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு மதுரையில் இடம் கிடைத்தபோது எங்கள் அத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "பொட்டப்புள்ள வெளியூர்ல தங்கிப் படிக்கவா?" என்றார். அண்ணன் அவர் எதிரே நின்று, "அவ படிக்கட்டும்த்தா. நான் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்றார். சொன்னபடி கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு அவரைக் கேட்காமல் நான் எதையும் முடிவு செய்ததில்லை.

ஒன்றைத் தவிர. மாதவிலக்கு நின்ற பிறகு எனக்கு ஓயாத அசதி. ரத்தம் குறைந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்தேன். அசதி போகவில்லை, சர்க்கரையும் வந்து சேர்ந்தது. அந்தச் சமயத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்த அண்ணன் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார்.

"இது எதுக்கும்மா? விட்டுரு, சூடு."

"உங்களுக்கு என்னண்ணே தெரியும்?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். செத்த நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தவர்கள் கூடத்தில் அமர்ந்து அவரைப் புகழ்ந்தார்கள். "மதுரைக்குப் போயி ரத்தம் குடுத்துட்டு வருவாரு. சொந்தக்காரனுக்கே குடுக்க யோசிக்கிற காலத்துல எவன் செய்வான்?" என்றார் ஒருவர். உள்ளறையில் எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் இருந்த மதினி திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அது தானம் இல்ல மும்தாஜ். உங்கண்ணனுக்கு ஒடம்புல இரும்பு கூடிப்போச்சு. அதக் கொறைக்கத்தான் ரத்தம் எடுத்தாங்க. அவருக்குச் சர்க்கரை வந்ததே அதுனாலயா இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. பரம்பரையா வரும், கூடப் பொறந்தவங்களையும் பார்க்கச் சொல்லுங்கன்னாரு."

"உங்க பிள்ளைங்களுக்குப் பார்த்தீங்களா மதினி?"

"பார்த்தாச்சு."

"எனக்கு?"

மதினி என் கையை விட்டுவிட்டுச் சொன்னார். டாக்டர் அதைச் சொன்ன சமயத்தில்தான் அவர்கள் மகளை என் கொழுந்தன் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். என்னிடம் சொன்னால் என் புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும், கல்யாணம் நின்றுபோகும் என்று அண்ணன் பயந்தாராம். "கல்யாணம் முடிஞ்சதும் சொல்றேன்னாரு. அப்புறம் சொல்ல வாய் வரலம்மா."

மதுரைக்குப் போய் அதே மருத்துவரைப் பார்த்தேன். எனக்கும் இரும்பு ஏகத்துக்குச் சேர்ந்திருந்தது. "இது கூடினா எல்லாருக்கும் சர்க்கரை வரும்னு இல்ல, வர்ற வாய்ப்பு கூடும்" என்றார். கணையத்தில் இரும்பு தங்கினால் அது இன்சுலின் சுரப்பதைக் கெடுக்குமாம். மாதாமாதம் ரத்தம் போனதால் இளவயதில் தப்பித்திருக்கிறேன். அது நின்ற பிறகு மாத்திரையும் போட்டுக் கூட்டிக்கொண்டேன். "மொதல்லயே வந்திருந்தா..." என்றார். இப்போது எனக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். ஊசி ஏறும்போது, அட்டையைத் திருப்பித் தந்த அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது.

போன வாரம் மதினி கேட்டார்: "அவரை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு. கபுர்க் குழிக்குள்ள அவருக்கு லேசாகும்."

"நாளாகட்டும் மதினி" என்றேன்.

தொழுதுவிட்டு அவருக்காகக் கையேந்துகிறேன். அந்த வார்த்தை மட்டும் வரமாட்டேன் என்கிறது. அண்ணனிடமிருந்து என்னிடம் இப்போது தங்கியிருப்பது இந்தக் கோபம்தான். அந்தக் கோபத்தோடுதான் சென்னையில் இருக்கும் என் மகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உடனே போய்ப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னேன்.

"எனக்குப் பொண்ணு பார்த்துட்டு இருக்கீங்களேம்மா, இப்பப் போய் இதை வெளிய சொல்லணுமா?" என்று தயங்கினான்.

"பொண்ணு வீட்டுலயும் சொல்லிட்டுத்தான் கேப்பேன்" என்றேன்.